இடது முன்னங்கால்

மேட்டுக்காட்டுப் பண்ணை, நாமக்கல்
16.8.2023

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி மதுமதி எழுதறது. இங்க நானும் உங்க மாப்பிள்ளையும் கோழிங்களும் சௌரியமா இருக்கறோம். அங்க உங்க ஒடம்பு எப்படி இருக்குதுங்க? உங்க ஊட்டுக்காரம்மா, நங்கையா பொன்னாத்தாளுக்கு முழங்கால் வலி கொறஞ்சுதுங்களா? தைலம் தீந்திருந்தா சொல்லுங்க, வாங்கி அனுப்பறேன்.

போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போர் போடற ரிக் வண்டி கம்ப்ரஸர் பக்கத்துல வருசக்கணக்கா நின்னு உங்க காது போனதுல இருந்து, நான் இங்க கத்தறது நாலு பண்ணைக்குக் கேக்குது, உங்களுக்கு மட்டுந்தான் கேக்கறதில்லை. செல்லுல எழுத்தடிச்சா கண்ணு கூசுதுங்கறீங்க. அதனால காயிதம்.

விஷயத்தைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தியூர்ச் சந்தையில நீங்களும் இவரும் ஒரு செவலைக் குதிரைக்குட்டியைப் பாத்தீங்களாமே. கண்ணுக்கடியில சுழி இருக்குதுன்னு நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே. உங்களைத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏத்திவிட்டுட்டு இவர் மறுக்கா சந்தைக்குப் போய் அதையே புடிச்சுட்டு வந்துட்டாருங்க. ஏனுங்க இப்படிப் பண்ணிட்டீங்கன்னு கேட்டேன். "மச்சான் வேண்டாம்னது சுழியைத்தான், குதிரையை இல்லை. எனக்குச் சுழி பாக்கவே தெரியாது, அது என்னை என்ன பண்ணப்போகுது"ன்னு சிரிக்கறார்.

குட்டிக்கு ரெண்டரை வயசு. பந்தய வண்டிக்கு ஆகுமா, எத்தனை தூரம் போகும், நீங்க வந்து பாத்துச் சொல்லணும். அப்பன் செத்ததுக்கு அப்புறம் இந்தச் சீமையில குதிரைன்னா உங்க வாக்குத்தானுங்க. அதைக் கேக்காம இவர் வண்டி பூட்ட மாட்டார்.

நங்கையாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க தங்கச்சி,
மதுமதி


புளியங்காட்டுத் தோட்டம், திருச்செங்கோடு
4.9.2023

அம்மிணி மதுமதிக்கு அண்ணன் நாச்சிமுத்து எழுதிக்கிட்டது. இங்க நானும் உன்ற நங்கையாவும் கட்டுத்தரையில நிக்கற கெழட்டு வெள்ளைக் குதிரையும் உசுரோட இருக்கறோம். தைலம் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா இருக்கோணும்.

குட்டி வாங்கினது சந்தோசம். சந்தோசம்னு எழுதிட்டேன், படிச்சுக்கோ.

ஊருல யாரு வேணும்னாலும் குதிரை வாங்கலாம், சட்டம் ஒன்னுமில்லை. ஆனா மாப்பிள்ளைக்கு எதுக்கு? பொழுதெல்லாம் கூண்டுக்குள்ள கெடக்கற கோழியைப் பாத்து அலுத்துப்போய், ஓடறது ஒன்னையாவது பாக்கலாம்னு ஆசைப்பட்டாரா? கண்ணுக்கடியில சுழி இருந்தா அந்த ஊட்டுல அழுகாச்சி நிக்காதுன்னு அப்பன் சொன்னதை நீயும் கேட்டுத்தானே வளந்தே. அது மட்டுமில்லை. நெஞ்சு அகலம் பத்தாது. கழுத்து மெலிசு. குளம்பு சின்னதாட்ட இருக்குது. ஆள் பக்கத்துல போனாக் காதைப் பின்னால மடிக்குது. நான் ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான் விட்டேன்.

ஒரு மணி நேரம் எதுக்கு நின்னேன்னு கேப்பே. சும்மாதான்.

சுழியை நம்பாத மனுசனுக்கு என்ற வாக்கு எதுக்குன்னு தெரியலை. குச்சிக்கிழங்குக்குக் களை எடுக்கற வேலை கெடக்குது. இப்ப வர முடியாது.

இப்படிக்கு,
நாச்சிமுத்து


மேட்டுக்காட்டுப் பண்ணை
12.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு, மதுமதி. எல்லாரும் சௌரியம், உங்க சௌரியத்துக்குக் காயிதம் போடுங்க. மழை பேஞ்சுதுங்களா அங்க? இங்க நேத்துத் தூறல்.

புரட்டாசி இல்லைங்களா, பாதி ஊரு கவுச்சி நிறுத்திருச்சு, முட்டை தேங்கிக் கெடக்குது. இவருக்கு வேலை கம்மி. அதனால வெடியால எந்திரிச்சதுல இருந்து குட்டி பின்னாடியேதான். நீங்க காதை மடிக்குதுன்னு எழுதினீங்களே, இப்ப மடிக்கறதில்லைங்க. இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கனைக்குது. கழுத்துக்கூட கொஞ்சம் கனத்திருக்குது, இல்லை எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ.

வண்டி பழக்கியாச்சு. பண்ணைக்கு முன்னால புதுசாப் போட்ட தார் ரோட்டுல, வண்டியில மணல் மூட்டை ஏத்தி ஓட்டறார். பாரம் இழுத்தாத்தான் கால் வலுக்கும்கறார். இன்னொன்னு கேட்டாச் சிரிப்பீங்க. கோழிக்கு முட்டை ஓடு கெட்டியாகறதுக்குக் கிளிஞ்சல் போடுவோமில்லைங்களா, அதைக் குட்டிக்கும் தவிட்டுல கலக்கி வெக்கறார். ஓடு கெட்டியாகும்னா எலும்பும் கெட்டியாகத்தானே வேணும்னு கேக்கறார். குதிரைக்குக் கிளிஞ்சல் வெக்கலாமுங்களா? பாரம் இப்பவே ஏத்தலாமுங்களா? எனக்குப் பயமா இருக்குது. நான் சொன்னாக் கேக்கமாட்டார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த நிமிசமே நிறுத்திருவார்.

கோவத்தை விட்டுட்டு ஒருக்கா வந்துட்டுப் போங்க அண்ணா. கோழி அடிச்சு வெக்கறேன். புரட்டாசி முடிஞ்சப்புறம்தான்.

மதுமதி


புளியங்காட்டுத் தோட்டம்
29.11.2023

தங்கச்சி மதுமதிக்கு, நல்லபடியா ஊடு வந்து சேந்தேன். உன்ற ஊட்டுக் கோழிக்கொழம்பு காரம் தூக்கல், ரெண்டு நாளாச்சு வயிறு சரியாக. மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சீட்டுப் புடிச்சுக் குடுத்தாரு. அதைச் சொல்லோணும்.

நீ கேட்டதை எழுதறேன். வாயில சொல்ல வரலை, அதனாலதான் அன்னிக்கு ஒன்னும் பேசாம வந்துட்டேன்.

குட்டி நல்ல குட்டி. ஓடறப்ப முன்னங்கால் வெச்ச தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுது, பாத்தியா? எங்கிட்ட இருந்த எந்தக் குதிரையும் அப்படி வெச்சதில்லை. அத்தனை தூரம் போயிட்டு வந்து நின்னா, நாம நாலு வார்த்தை பேசறதுக்குள்ள விலாத் துடிப்பு அடங்கிப் போகுது. நெஞ்சு அகலம் பத்தாதுன்னு எழுதினேன், இன்னும் அகலம் வெக்கும். வயசு இருக்குது.

மதுமதி, நான் ஒளிக்காம எழுதறேன். எனக்கு வயிறு எரியுது. வண்டியை அவுத்துவிட்டதும் அந்தக் குட்டி நேரா மாப்பிள்ளைகிட்ட வந்து சட்டைப்பையை மோந்துச்சு. பையில வெல்லம் வெச்சிருந்தாராம். குதிரைக்கு வாயெது வாலெதுன்னு தெரியாத மனுசன். நான் ஆயுசு பூராவும் குதிரைக் காலைப் புடிச்சு லாடத்துக்கு ஆணி தெச்சவன், ரிக்குல கெடந்து சம்பாதிச்ச காசையெல்லாம் குதிரைக்கே கொட்டினவன், எனக்கு இந்த மாதிரி ஒன்னு அமையலை. சந்தையில அது எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது. எல்லாத்துக்கும் முன்னால என்ற கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு மயிர்ச் சுழிக்குப் பயந்து விட்டுட்டேன்.

அதனால கேக்கறேன். குட்டியை இங்க அனுப்பு. என்ற கட்டுத்தரையில நின்னா அதை நான் ஆளாக்கிக் காட்டறேன். பேரு மாப்பிள்ளைக்கே இருக்கட்டும். கயிறு என்ற கையில இருந்தாப் போதும்.

யோசிச்சு எழுது.

நாச்சிமுத்து


மேட்டுக்காட்டுப் பண்ணை
21.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு, பொங்கலெல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா? நங்கையாவுக்குச் சீலை புடிச்சுதாமா? நாங்க சௌரியம்.

பதில் எழுத இத்தனை நாளாக்கினதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க காயிதத்தை எப்படி இவர்கிட்டக் காட்டறதுன்னு தெரியாம அரிசி டப்பாவுல வெச்சிருந்தேன். அப்புறம் காட்டிட்டேன். படிச்சுட்டுக் குட்டி கட்டியிருந்த பக்கம் போயிட்டு வந்தார். "மச்சானுக்கு இங்கயே ஒரு ரூம் கட்டிப்போடறேன், நங்கையாவையும் கூட்டிட்டு வந்து இருக்கச் சொல்லு. ஆனாக் குட்டியை அனுப்ப மாட்டேன் மதுமதி, அது போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது"ன்னு சொன்னார். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். எனக்கும் அவர் பக்கம் பேசறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க.

காணும் பொங்கலுக்குக் கெங்கவல்லிப் பக்கம் குதிரைவண்டி ஓட்டம். புதுக்குதிரைப் பிரிவுல உட்டோம். நம்ம குட்டி மொதல்ல வந்துருச்சுங்க அண்ணா. ரெண்டாவது வந்த குதிரை கண்ணுக்கே தெரியலை. மைக் புடிச்ச ஆளு, "நாச்சிமுத்து கழிச்சுவிட்ட குதிரை, பாருங்கய்யா நாச்சிமுத்து கழிச்சுவிட்ட குதிரை"ன்னு திரும்பத் திரும்பக் கத்தினான். இவர் மாலையோட நேரா அவன்கிட்டப் போய் மைக்கைப் புடுங்கப் பாத்தார். பெரிய ரகளையாயிருச்சு. வேற யாராச்சும் உங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னால நானே எழுதிடறேன்.

இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. நேரா ஓடறப்ப நாலு குளம்புச் சத்தமும் சரியா விழுது. இடது பக்கம் திரும்பறப்ப ஒன்னு மட்டும் தயங்கி விழுது. வேற யாருக்கும் அது கேக்கலை. இவர் இல்லவே இல்லைங்கறார். அப்பன் வண்டி வர்ற சத்தத்தை வெச்சே எந்தக் குதிரைன்னு சொல்ற புள்ளை நான், எனக்குத் தப்பாக் கேக்குமுங்களா? கார்த்திகையில நீங்க வந்தப்ப நாலு காலையும் நீவிப் பாத்தீங்க. இடது முன்னங்கால்ல மட்டும் கையை எடுக்காம வெச்சிருந்தீங்க. என்னங்கண்ணான்னு கேட்டேன். ஒன்னுமில்லைன்னு வேட்டியில கையைத் தொடச்சுட்டு எந்திரிச்சிட்டீங்க. அதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?

மதுமதி


புளியங்காட்டுத் தோட்டம்
26.2.2024

என் அருமைத் தங்கச்சி மதுமதிக்கும் மாப்பிள்ளை சபரிநாதனுக்கும் நாச்சிமுத்து நெறஞ்ச மனசோட எழுதறது. நீங்க ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கோணும். இங்க எல்லாரும் நலம்.

ஜெயிச்ச சேதி கேட்டுப் பூரிச்சுப் போயிட்டேன். மைக்குக்காரன் சொன்னதை நான் ஒன்னும் மனசுல வெச்சுக்கலை. அவன் சொன்னதுல தப்பென்ன? நான் கழிச்சுவிட்ட குதிரைதானே. கெங்கவல்லிக்குப் போயிருந்த ஆளுங்க இங்க டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம். எனக்குக் காது கேக்கறதில்லை, அதனால நானும் அவங்ககூடச் சேந்து சிரிச்சிருக்கறேன். அப்புறம் ஒருத்தன் காயிதத்துல எழுதிக் காட்டினான்.

அது போகட்டும். குட்டியைப் பத்திச் சொல்றேன். அந்த மாதிரிக் குதிரை லட்சத்துல ஒன்னு. என்ன தோரணை, என்ன கால், என்ன மூச்சு. மாப்பிள்ளை வளத்தின நேர்த்திக்குக் கையெடுத்துக் கும்படலாம். புதுக்குதிரைப் பிரிவுல இன்னும் எதுக்கு ஓட்டிக்கிட்டு? பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ஜலகண்டாபுரத்துப் பக்கம் பெரிய ஓட்டம் இருக்குது. பெரிய குதிரைப் பிரிவுல உடுங்க. தூரம் ஜாஸ்திதான், ஆனா இதுக்கு அதெல்லாம் தூசி. ஓட ஓடத்தான் குதிரைக்கு வேகம் ஏறும். இப்பப் பண்ணற பழக்கத்தையே பண்ணுங்க, ஒன்னையும் மாத்த வேண்டாம்.

உன்ற நங்கையா உன்னைக் கேட்டாள். சீலை நல்லா இருக்குதாம்.

அன்புடன்,
அண்ணன் நாச்சிமுத்து


மேட்டுக்காட்டுப் பண்ணை
4.3.2024

அண்ணனுக்கு மதுமதி. சௌரியம். உங்க சௌரியத்துக்கு ஆசைப்படறேன்.

உங்க காயிதத்தை இவர் தீவன ஏஜெண்டு, லோடு ஏத்த வந்த டிரைவர், கோழிக்கு ஊசி போட வந்தவர்னு ஆளாளுக்குப் படிச்சுக் காட்டிட்டு இருக்கறார். மச்சானே சொல்லிட்டார்னு பெரிய குதிரைப் பிரிவுக்குப் பேரும் குடுத்துட்டார்.

நான் கேட்டது மட்டும் அதுல இல்லைங்க. பக்கம் பக்கமாத் தேடிப் பாத்தேன். என்ன கால்னு மெச்சி எழுதியிருக்கறீங்க, எந்தக் கால்னு எழுதலை. இப்பப் பண்ணற பழக்கத்தையே பண்ணச் சொல்றீங்க. இப்பவும் தார் ரோடு, மணல் மூட்டை, கிளிஞ்சல்தானுங்க. அதைத்தான் பண்ணச் சொல்றீங்களா?

நங்கையா செல்லுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கறேன். இவர் இடது பக்கம் வளைச்சு ஓட்டறப்ப நானே எடுத்தது. உங்களுக்குச் சத்தம் கேக்காது, தெரியும். ஆனா உங்க கண்ணுக்குத் தப்புமுங்களா? தலையைப் பாருங்க. அந்தக் கால் தரையில படறப்பெல்லாம் தலை மேல தூக்குது.

வண்டியில உக்காரப் போறது கூலி ஆளு இல்லை, என்ற ஊட்டுக்காரர். தெரிஞ்சுக்கோங்க.

மதுமதி


புளியங்காட்டுத் தோட்டம்
11.3.2024

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நலம், நலமே கேக்க ஆசை.

வீடியோ பாத்தேன். நல்லா எடுத்திருக்கறே, பின்னால தென்னமரமெல்லாம் தெளிவா விழுந்திருக்குது. குட்டி ஜம்முன்னு இருக்குது. தலையைத் தூக்குதுன்னா அது திமிரு. நல்ல குதிரைக்குத் திமிரு இருக்கும். பொம்பளைங்க வாசல்ல நின்னு கேட்டா ஒரு சத்தம் ரெண்டாத்தான் கேக்கும், அதையெல்லாம் பெருசு பண்ணிக்கிட்டு மாப்பிள்ளை சந்தோசத்தைக் கெடுக்காதே.

ஓட்டத்துக்கு நான் வர முடியாது. கிழங்கு புடுங்கற சமயம். ஜெயிச்சதும் காயிதம் போடுங்க.

நாச்சிமுத்து


மேட்டுக்காட்டுப் பண்ணை
16.3.2024

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, சபரிநாதன் வணக்கமுங்க. தாங்களும் அக்காவும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். எனக்குக் காயிதம் எழுதிப் பழக்கமில்லை, முட்டை கணக்கு எழுதத்தான் பேனா புடிச்சிருக்கறேன். தப்பிருந்தாப் பொறுத்துக்கணும்.

மச்சானுங்க, உங்க தங்கச்சி குட்டியைப் பூட்ட விடமாட்டேங்கறா. வாரையும் கடிவாளத்தையும் எடுத்துத் தீவனக் குடோன்ல போட்டுப் பூட்டிட்டுச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. எதுக்குன்னு கேட்டா, எங்கண்ணன் காயிதம் சரியில்லைங்கறா. நான் அந்தக் காயிதத்தை மறுபடி மறுபடி படிச்சுப் பாத்துட்டேன், அதுல ஒரு கொறையும் எனக்குத் தெரியலைங்க. இத்தனை பெருந்தன்மையா யாரு எழுதுவாங்க?

எனக்குக் குதிரை தெரியாது. அது எனக்கே தெரியும். சந்தையில உங்க பக்கத்துல நின்னப்ப, நீங்க வாயில வேண்டாம்னீங்க, ஆனா உங்க கண்ணு அதை விட்டு நகரலை. அதைப் பாத்துத்தான் நான் வாங்கினேன். உங்க கண்ணை நம்பித்தானுங்க வாங்கினேன். உங்களுக்குப் போட்டியா வாங்கினதா நெனச்சிருந்தா, அதுக்காக உங்க காலைப் புடிச்சுக்கறேன்.

மதுமதிக்கு ஒரு வரி எழுதுங்க, போதும். ஓட்டலாம்னா ஓட்டலாம். வேண்டாம்னா வேண்டாம். உங்க வரி வந்துருச்சுன்னா அவளும் மறுக்க மாட்டா, நானும் மறு பேச்சுப் பேச மாட்டேன். உத்திரத்துக்குள்ள வர்ற மாதிரி எழுதணும்.

இப்படிக்குப் பணிவுடன்,
சபரிநாதன்


மேட்டுக்காட்டுப் பண்ணை
3.4.2024

அண்ணனுக்கு,

நாங்க இருக்கறோம். நீங்களும் இருப்பீங்க.

உத்திரம் வரைக்கும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டா இவர் வாசலுக்கு ஓடினார். உத்திரத்தன்னிக்குப் பொழுதோட வந்து கட்டுத்தரையில உக்காந்துக்கிட்டு, தபால் எங்கயோ மாட்டிக்கிச்சு போல இருக்குதுன்னார். இப்ப வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கறார். நானும் ஆமாங்கன்னு சொல்லிட்டேன்.

ஓட்டத்துக்குப் போகலை. அதுக்குப் பதிலா லோடு வண்டியில வைக்கோல் பரப்பிக் குட்டியை நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது முன்னங்கால், முழங்காலுக்குக் கீழ. படம் எடுத்துப் பாத்தாங்க. எலும்புல மெலிசா விரிசல். வளர்ற எலும்புல இத்தனை சீக்கிரம் பாரம் ஏத்தினது, கெட்டி ரோட்டுல ஓட்டினது, அதோட அந்தக் கிளிஞ்சல், எல்லாம் சேந்துதான் காரணம்னாங்க. கோழிக்கு நல்லதெல்லாம் குதிரைக்கு நல்லதான்னு டாக்டரம்மா இவரைக் கேட்டாங்க. இன்னும் ஒரு பெரிய ஓட்டம் ஓடியிருந்தா எலும்பு ரெண்டாப் போயிருக்கும், முழு வேகத்துல வண்டி குப்புற விழுந்திருக்கும்னு சொன்னாங்க. வண்டியில யாரு ஓட்டறாங்கன்னு கேட்டாங்க. நான்தானுங்கன்னு இவர் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க.

நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு நெனைக்கறீங்க? மாசி மாசம் உங்க காயிதத்தைப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. என்ற கல்யாணத்துல சாப்பாடு எப்படிண்ணான்னு கேட்டதுக்கு, ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னவரு நீங்க. நான் பன்னெண்டாவதுல ஸ்கூல்லயே மொதல் மார்க் வாங்கினப்ப, கையெழுத்து கோணல்னு சொன்னீங்க. உங்க வாயில இருந்து நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை. நெஞ்சு சின்னது, குளம்பு சின்னதுன்னு நீங்க கொறை சொன்ன வரைக்கும் நான் நிம்மதியா இருந்தேன். லட்சத்துல ஒன்னுன்னு எழுதினீங்க பாருங்க, அன்னிக்கே குடோன் சாவியைத் தேடி எடுத்து வெச்சுக்கிட்டேன்.

குட்டி மேல உங்களுக்குப் பொறாமைன்னு எனக்குத் தெரியும், நீங்களே எழுதினீங்க. வாய்விட்டு எழுதினாரே, அத்தோட போச்சுன்னு நெனச்சேன். எங்க ரெண்டு பேருக்கும் ஓட்டச் சொல்லித் தாராளமா எழுதினீங்க. இவர் காலைப் புடிச்சுக்கறேன்னு எழுதிக் கேட்டப்ப மட்டும் உங்க பேனா நின்னு போச்சு. மறுக்கா ஓட்டுன்னு அவருக்கு எழுதலை. அந்த மட்டுக்கும் நான் இன்னும் உங்களை அண்ணன்னு சொல்றேன். ஆனா வேண்டாம்னும் எழுதலையே. ஒரு வார்த்தைதானுங்களே. என்ற தாலியை விட அந்தக் குட்டி உங்களுக்குப் பெருசாப் போச்சுங்களா?

இவர்கிட்ட நான் ஒன்னும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். நீங்க சொன்னாத்தான் குதிரைன்னு அவர் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கறார். அந்த நம்பிக்கையை ஒடைக்க எனக்கு மனசு வரலை. ஆனா இனிமே உங்க வாக்கைக் கேட்டு இந்த ஊட்டுல ஒரு கயிறுகூட அவுக்க மாட்டேன்.

நங்கையாவுக்குத் தைலம் பார்சல்ல வருது.

மதுமதி


புளியங்காட்டுத் தோட்டம்
7.7.2024

மதுமதிக்கு நாச்சிமுத்து எழுதறது. சௌரியம் கேக்கற மூஞ்சி எனக்கில்லை, ஆனாலும் கேக்கறேன். எல்லாரும் நல்லா இருக்கறீங்களா? தைலம் வந்துச்சு. மூணு மாசமா எழுதி எழுதிக் கிழிச்சேன், அடுப்புக்கு ஆச்சுன்னு உன்ற நங்கையா சொல்றா.

கார்த்திகையில அந்தக் காலைத் தொட்டப்பவே தெரியும். மத்த மூணும் குளுந்து கெடந்துச்சு, அது மட்டும் சூடு. தொட்டியில கிளிஞ்சலும் பாத்தேன், மணல் மூட்டையும் பாத்தேன். சொல்லத்தான் எந்திரிச்சேன். மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே நின்னாரு. எப்படிங்க மச்சான் நம்ம குட்டின்னாரு. நம்ம குட்டியாம். வேட்டியில கையைத் தொடச்சுட்டு ஒன்னுமில்லைன்னுட்டேன்.

அவர் காயிதம் வந்தப்ப வேண்டாம்னு ஒரு கார்டுல எழுதினேன். திருச்செங்கோடு தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். பொட்டிக்குள்ள கையை விட்டேன். போடாம எடுத்துட்டு வந்துட்டேன். ஏன்னு என்னைக் கேக்காதே, எனக்குத் தெரியாது. போட்டா அந்தக் குட்டி பொழைச்சுக்கும், பொழைச்சா அவர் பேரு நிக்கும். அதுதான் ஓடிச்சு மனசுல. உன்ற தாலி மனசுல வரவே இல்லை சாமி. அதுதான் எனக்கே பயமா இருக்குது.

எரிச்சல் போயிருச்சுன்னு எழுதினாப் பொய். விரிசல்னு நீ எழுதினதைப் படிச்சப்ப மொதல்ல எனக்கு ஆறுதலா இருந்துச்சு. அப்புறந்தான் அழுதேன்.

குட்டிக்கு இப்ப என்ன பண்ணோணும்னு சொல்றேன். மண்ணுத்தரையில மட்டும் நடக்க உடுங்க, கயிறு புடிச்சு, மெதுவா. நாலு வயசு தாண்டற வரைக்கும் வண்டி வேண்டாம். கிளிஞ்சலைத் தூக்கி வீசச் சொல்லு. கொள்ளும் புல்லும் போதும். எலும்பு கூடிருச்சுன்னா அது ஓடும். எத்தனை தூரம் போகும்னு கேட்டிருந்தியே. இந்தச் சேலம் நாமக்கல் சீமையில அதுக்கு முன்னால ஒரு குதிரை போகாது. நான் பாத்ததுலயே பெரிய குதிரை அதுதான்.

இதைப் படிச்சதும் மறுக்கா குடோன் சாவியைத் தேடுவே. நான் மெச்சறேன்னு தோணும். இந்தத் தடவை நெசந்தான் எழுதறேன், ஆனா அதை உனக்கு எப்படிக் காட்டறதுன்னு எனக்குத் தெரியலை. அதனால நம்ப வேண்டாம். நாலு வயசானதும் வண்டி பூட்டறதுக்கு முன்னால அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. அவங்க சரின்னு சொன்னா உடு.

இனி மாப்பிள்ளை என்ற வாக்கைக் கேட்டா, மச்சானுக்கு இப்பக் கண்ணும் சரியாத் தெரியறதில்லைன்னு சொல்லிரு.

நாச்சிமுத்து